நான்காம் நிலையத்து வருகைப்பதிவு

எரிமலையைக் கண்காணிக்கும் வேலை பார்த்தேன் என்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். இப்படிப்பட்டவனிடம் ஒரு மலையையே ஒப்படைத்தார்கள் என்றால் அந்த வருடம் சவூதியில் ஆள் பஞ்சம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

ஜுபைலில் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் நான் இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன். அழுத்தம் காட்டும் மீட்டர், சூடு காட்டும் மீட்டர் இவற்றைக் கழற்றி, துடைத்து, சரிபார்த்து, திரும்ப மாட்டுவது. ஒருநாள் எங்களை வேலைக்கு அனுப்பும் கம்பெனியின் சூப்பர்வைசர் கேம்ப்புக்கு வந்து, சோலார் பேனலும் பேட்டரியும் தெரிந்த ஆள் யார், மேற்கே செங்கடல் பக்கம் ஆறு மாத வேலை இருக்கிறது என்றார். கடல் என்று காதில் விழுந்ததுமே கையைத் தூக்கிவிட்டேன். மலை என்பதை அப்புறம் சொன்னார். எரிமலை என்பதை, போய்ச் சேர்ந்த பிறகு வேறொருவர் சொன்னார்.

கிளம்புகிற அன்று ரூம்காரர்கள் வாசலில் நின்று வழியனுப்பினார்கள்.

"மாப்ள, போறதுதான் போற, உன் பிரஷர் குக்கரை யாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

"அட, கீழ் பங்க் கட்டிலை எனக்குன்னு எழுதச் சொல்லுங்கடா மொதல்ல."

யான்பு நகரில் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு போர்ட்டா கேபின், அதற்குள் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் மலை. மலை என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் கல். எப்போதோ பூமிக்குள்ளிருந்து குழம்பாக ஓடிவந்து உறைந்து, உடைந்து கிடக்கிறது; பனங்காய் அளவிலிருந்து பஸ் அளவு வரைக்கும் கல். அரபியில் அந்த நிலத்துக்கு ஹர்ரா என்று பேர். நடுவில் ஒன்றிரண்டு மொட்டைக் குன்றுகள், உச்சியில் குழியோடு. மாதத்துக்கு இரண்டு டயர் கிழியும்.

அந்தக் கல்லுக்கு நடுவில் ஆறு நிலையங்கள் அமைத்திருந்தார்கள். ஒரு குழி, குழிக்குள் சிமெண்ட் மேடை, மேடையில் சின்னப் பானை மாதிரி ஒரு கருவி, மேலே கனமான மூடி. பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் சோலார் பேனல், உச்சியில் ஆன்டெனா, அடியில் இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி. அந்தப் பானைக்கு ஒரே வேலைதான். நிலம் ஆடினால் கூடவே ஆடி, ஆடியதை அப்போதைக்கு அப்போதே யான்புவுக்குச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் ஒரே வேலைதான். பானை பேசாமல் போனால் போய்ப் பேச வைக்க வேண்டும். கூடவே பேனலில் தூசி துடைப்பது, கிணறுகளில் தண்ணீர் எத்தனை டிகிரி சூடு என்று அளந்து எழுதுவது.

எங்களுக்கு மேலே ஒரு எகிப்துக்காரர். நிலநடுக்கத்தைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நாங்கள் டாக்டர் என்றே கூப்பிடுவோம். கீழே குழம்பு மேலே வரப் பார்க்கும்போது பாறை உடைந்து வழிவிடும், அந்த உடைசல்தான் சின்னச் சின்ன நடுக்கம். நடுக்கம் எண்ணிக்கையில் கூடி, ஆழத்தில் குறைந்துகொண்டே வந்தால் ஆபத்து. கிணறு சூடேறினால் ஆபத்து. காற்றைவிடக் கனமான வாயு கசிந்து பள்ளத்தில் தேங்கும், அதற்கு வாசனையே கிடையாது, அது மிகவும் ஆபத்து. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார். மலை வெடித்தால் இந்த ஹெல்மெட் எதற்கு உதவும் என்று கேட்டேன். "உன்னை அடையாளம் தெரிவதற்கு" என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஜோக்தானா என்றும் தெரியாது.

ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து ஆறு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மலையாளி. எனக்கு அவர் சேட்டன். சேர்ந்த மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எடா, நாலாம் ஸ்டேஷன்ல என்னவோ நடக்குந்நு. பகல் முழுக்க ஒரே சத்தம். யானைக்கூட்டம் மாதிரி."

மற்ற ஐந்தும் தெளிந்த கோடு, நாலாவது மட்டும் கம்பளிப்பூச்சி. காற்றா, வண்டியா, பார்த்துவிட்டு வா என்றார் டாக்டர். போனேன்.

யானையில்லை, வெள்ளாடு. அறுபது உருப்படி இருக்கும். பேனலின் நிழல் சரியாக மூடியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிப் பத்து மைலுக்கு நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒருத்தன் குபூஸ் ரொட்டியைப் பிய்த்து வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தான். ஆடுகள் பேட்டரிப் பெட்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றன.

நான் வண்டியிலிருந்து இறங்கியபடியே, எனக்குத் தெரிந்த அவ்வளவு இந்தியையும் ஒரே மூச்சில் செலவழித்தேன். "ஏ பாய்! ஹட்டோ! சர்க்காரி மெஷின் ஹை! ஜல்தி, ஜல்தி!"

அவன் எழுந்தான். என்னைப் பார்க்காமல் பக்கத்து ஆட்டிடம் சொன்னான்: "ஏ மூதி, அங்கிட்டுப் போய்த் தொலை. வந்துட்டாம் பாரு பெரிய கலெக்டரு."

"கலெக்டர் இல்லப்பா. கலெக்டருக்குப் பேட்டரி மாத்துறவன்."

கையிலிருந்த குபூஸ் கீழே விழுந்தது. அதை ஆடு எடுத்துக்கொண்டது. அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"அண்ணே! தமிழாண்ணே?"

முதுகுளத்தூர்ப் பக்கம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் கையைப் பிடித்தவன் விடவேயில்லை. பேட்டரியை நான் ஒற்றைக் கையால்தான் சோதித்தேன். நேருக்கு நேர் தமிழ் பேசி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன்.

"ஆடுகட்ட மட்டுந்தாண்ணே தமிழு. கஃபீல்ட்ட அரபி. பொண்டாட்டிட்ட மிஸ்டு காலு."

கஃபீல் என்றால் விசா கொடுத்து அவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி; நல்லவரா என்றேன். நல்லவர்தான் என்றான். வயசானவர், பக்கத்து ஊரில் வீடு, மூன்று நாளைக்கு ஒருமுறை டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பிவிட்டு, அரிசியும் வெங்காயமும் குபூஸும் வைத்துவிட்டுப் போவார். அடிக்கிற ஆள் இல்லை. ஒன்றே ஒன்றுதான், லீவு.

அவனை அந்த நிழலிலிருந்து விரட்ட எனக்கு வாய் வரவில்லை. விரட்டாவிட்டால் டாக்டர் என்னை விரட்டுவார். இந்த மாதிரி இக்கட்டில் என் மூளை எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடும், கேலிப் பக்கம்.

"சரி. இனிமே நீ இங்க சும்மா உட்காரக் கூடாது. உன்னை வேலைக்கு எடுத்துக்கிட்டேன்."

"என்ன வேலைண்ணே?"

"எரிமலைக் கண்காணிப்பு. நாலாம் நிலையத்துக்கு நீதான் இன்சார்ஜ்."

"லீவு உண்டாண்ணே?"

"எல்லாரும் சம்பளம்தான்யா மொதல்ல கேப்பாங்க."

"சம்பளத்த வச்சு இங்கன என்னத்தண்ணே செய்ய? லீவு சொல்லுங்க."

கல்யாணமாகி நாற்பத்தோராம் நாள் பிளேன் ஏறியவன். நாலு வருடம் ஓடிவிட்டது. "அந்த நாப்பது நாள்லயும் பாதி நாளு அவ ஆத்தா வீட்டுலண்ணே. மிச்சத்துல விருந்து, அது இதுன்னு. நான் அவ மொகத்தச் சரியாப் பாத்ததே ஒரு வாரந்தாண்ணே இருக்கும். போட்டா இருக்கு. ஆனா போட்டாவுல அவ சிரிக்கல." ஆடுகளில் பாதிக்கு மேல் சினை. குட்டி போட்டு முடித்ததும் ஊருக்கு அனுப்புகிறேன் என்று கஃபீல் சொல்லியிருந்தார். எல்லா உருப்படியும் பத்திரமாக இருக்க வேண்டும். போன வருடமும் இப்படித்தான் சொன்னாராம்; மூன்று ஆடு நாயிடம் போய்விட்டது, லீவும் அதோடு போய்விட்டது. இந்த வருடம் ஒரு குட்டியையும் விடமாட்டேன் என்றான்.

வண்டியிலிருந்த பழைய தார்ப்பாயை எடுத்து, நிலையத்திலிருந்து தள்ளி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கட்டி நிழல் போட்டுக் கொடுத்தேன். உதிரியாகக் கிடந்த ஹெல்மெட்டையும் ஆரஞ்சுச் சட்டையையும் அவனுக்கு மாட்டினேன். சட்டை முதுகில் அரபியில் கண்காணிப்பு நிலையம் என்று அச்சடித்திருக்கும். ஆட்டுக்கு நடுவில் அதைப் போட்டுக்கொண்டு நின்றவனைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அவனும் சிரித்தான்.

"வருகைப்பதிவு எங்கண்ணே போடணும்?"

"தெனமும் காலைல ஏழு மணிக்கு இந்த மூடிப் பக்கத்துல வந்து மூணு தடவை குதி. அதான் உன் கையெழுத்து. யான்புல நான் பாத்துருவேன். மத்த நேரம் நீயும் ஆடும் இந்தப் பக்கமே வரக் கூடாது."

மறுநாள் ஏழு மணிக்கு சேட்டனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலாவது கோடு வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது. ஏழு அடித்து ஒரு நிமிஷம். டக், டக், டக். முள் மாதிரி மூன்று.

"எடா, இது ஆரா?"

"என் ஸ்டாஃப்."

டாக்டரிடம், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க நான் செய்த ஏற்பாடு என்று சொன்னேன். தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அதிர்வு விழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? அவர் தாடையைத் தடவிக்கொண்டு நல்ல யோசனை என்றார். எந்தக் கருவியை வைத்து அதிர்வு உண்டாக்குகிறாய் என்று நல்லவேளை கேட்கவில்லை.

அதன்பின் எங்கள் கேபினில் காலை டீ என்றால் அந்த மூன்று முள்தான். வாரம் ஒருமுறை நேரிலும் போவேன். ஊறுகாயோ பழைய பத்திரிகையோ கொண்டுபோவேன். குதியின் உயரத்தை வைத்தே அவன் மனசு எனக்குத் தெரிந்துவிடும் என்று சேட்டனிடம் பெருமை அடித்துக்கொள்வேன். முள் உயரமாக இருந்தால் நேற்று பொண்டாட்டியிடம் பேசியிருக்கிறான். குட்டையாக இருந்தால் காய்ச்சல். ஒருநாள் நான்கு முள் விழுந்தது. போய்க் கேட்டேன். "ஒரு குட்டி பொறந்துச்சுண்ணே, அதையும் தூக்கிட்டு ஒருக்கா குதிச்சேன்" என்றான்.

அப்புறம் மலை ஆரம்பித்தது.

முதலில் நாளுக்குப் பத்து, பிறகு ஐம்பது, பிறகு சேட்டன் எண்ணுவதை விட்டுவிட்டார். ஆறு கோடும் கம்பளிப்பூச்சியாகிவிட்டது. இரண்டு கிணறுகளில் தண்ணீர் சூடேறியது. டாக்டர் வீட்டுக்குப் போவதை நிறுத்தி கேபினிலேயே குளித்து, சாப்பிட்டு, தரையில் படுத்தார். பக்கத்து ஊரில் ஜனங்கள் வீட்டுக்குள் போகப் பயந்து வாசலில் பாய் விரித்தார்கள். ஒருநாள் நடுப்பகலில் பெரிய குலுக்கல். சுவர்கள் வெடித்தன, பாலைவனத்துக்கு நடுவே கத்தியால் கீறியது போல நிலம் நீளமாகப் பிளந்து நின்றது. ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்தது. பஸ், ஒலிபெருக்கி, போலீஸ்.

வெளியில் இருக்கும் ஆட்கள் எல்லாரும் பேட்டரியை மாற்றிவிட்டு உடனே யான்புவுக்குத் திரும்ப வேண்டும் என்றார் டாக்டர். நான் கடைசியாக நான்காம் நிலையத்துக்குப் போனேன். அவன் ஹெல்மெட்டோடு நின்றான்.

"வண்டில ஏறு."

"ஆடுண்ணே?"

"ஆட்டை விடுய்யா, உசுரு பெருசா ஆடு பெருசா?"

"கஃபீலு சாயங்காலம் லாரி கொண்டாரேன்னு போன் போட்டாருண்ணே. அவரோட போயிருவேன். நாப்பது சினை நிக்குது. இப்ப விட்டுட்டு வந்தா லீவு எங்கிட்டுண்ணே போகும்?"

"மலை வெடிச்சா?"

"நீங்கதான நாந்தான் இன்சார்ஜுன்னு சொன்னீக. வெடிச்சா மொதல்ல ஒங்களுக்குத்தாண்ணே சொல்லுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழே ஏதோ உருண்டு போனது. அத்தனை ஆடும் மேய்வதை நிறுத்தி, ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி, கல்லாக நின்றன. நான் வண்டியில் ஏறிவிட்டேன். இன்னும் ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவன் என் கையை முதல் நாள் எப்படிப் பிடித்தான்! கூப்பிட்டுக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் நானும் அங்கே நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றியது. லாரி வரும் என்று அவன் சொன்னதை நான் நம்பினேன் என்பதைவிட, நம்பினால் கிளம்பலாம் என்பதால் நம்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணி. இரண்டு நடுக்கத்துக்கு இடையில், நாலாவது கோட்டில் மட்டும், டக், டக், டக்.

சேட்டன் என்னைப் பார்த்தார். "உன் ஸ்டாஃப் போகலையே."

லாரி வரவில்லை என்று புரிந்தது. அவன் நம்பருக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. ஊர் காலியானதும் அங்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள், போன் டவரும் அதோடு போயிருந்தது. எங்கள் ஆன்டெனாக்கள் மட்டும் சூரியன் புண்ணியத்தில் பேசிக்கொண்டிருந்தன.

நான் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், இவ்வளவு நாள் கருவியைச் சோதித்தது ஒரு ஆட்டுக்காரனின் கால் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் இருந்த நிலையில் என்னை அடுத்த பஸ்ஸில் ஜுபைலுக்கு ஏற்றிவிடுவார். கஃபீல் எப்படியும் தண்ணீரோடு போவார், போலீஸ் ரோந்து வரும், மலையும் வெடிக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேட்டன் வற்புறுத்தவில்லை. மூன்று முள் விழுகிறதே, அப்புறம் என்ன? மலையைச் சுற்றி எல்லோரும் நாளை என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் ஒருத்தன் பிழைத்திருக்கிறான் என்று தினமும் ஏழு மணிக்குச் சேதி வந்தது. அதை நான் பெரிய பாக்கியமாக நினைத்தேன்.

இரண்டாம் நாள் வந்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள் வந்தது. ஐந்தாம் நாள் மூன்றும் குட்டையாக இருந்தன. காய்ச்சலாக இருக்கும் என்றேன்.

ஆறாம் நாள் ஏழு மணிக்கு முள் விழுந்தது. நிற்கவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. சேட்டன் டீ கிளாஸை வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். இருபது, முப்பது.

"எடா, உன் ஆளு ஓவர்டைம் பண்ணுந்நு."

"குட்டிங்க எல்லாம் சேந்து பொறந்துருச்சு போல. ஒவ்வொண்ணையும் தூக்கிட்டுக் குதிக்கிறான்."

"இல்லடா, டான்ஸ். எரிமலை மேல டான்ஸ்."

நாங்கள் சிரித்தோம். அவன் மாதிரி நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தும் காட்டினேன். போர்ட்டா கேபின் தரை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் பயமும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். இருந்ததா என்று தெரியாது. நான் சிரித்தேன், அது தெரியும்.

ஏழாம் நாள் ஏழு மணிக்கு ஒன்றும் விழவில்லை. ஏழரைக்கும் இல்லை. நடுக்கங்களுக்கு இடையில் கோட்டில் லேசான பொடிச் சத்தம் மட்டும் இருந்தது, ஆட்டுக் குளம்பு. இத்தனை நாள் அவன் அண்டவிடாத ஆடுகள் மூடியின் மேலேயே நடந்துகொண்டிருந்தன.

டாக்டரை எழுப்பிச் சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நேற்றைய கோட்டைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பென்சிலால் தட்டிக் காட்டினார். மூன்று முள், ஒரு இடைவெளி. மூன்று முள், ஒரு இடைவெளி. பிறகும் மூன்று. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே போயிருந்தது. கடைசியில் மூன்றாவது முள் விழவில்லை. இரண்டு இரண்டாக, பிறகு ஒவ்வொன்றாக.

"ஆட்டம் ஆடுகிறவன் இப்படி நிறுத்தி நிறுத்திக் குதிக்க மாட்டான்" என்றார். "இவன் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான்."

போலீஸ் தடுப்பில் நிறுத்தினார்கள். உள்ளே ஒருத்தர் இருக்கிறார் என்றதும் அந்தப் போலீஸ்காரர், "ஆமாம், உங்கள் ஆள்தானே? ஊர் காலியான முதல் நாளே ரோந்து போனபோது பார்த்தோம்" என்றார். போலீஸைப் பார்த்ததும் அவன் ஹெல்மெட்டைத் தட்டி, திரும்பி நின்று முதுகைக் காட்டி, நிலையம், நிலையம் என்று அரபியில் சொல்லியிருக்கிறான். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆடுகளைவிட்டுத் தன்னை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க அந்தச் சட்டை உதவும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். லாரியும் டேங்கருமாக கஃபீல் இரண்டு தடவை வந்தாராம். வண்டி எதையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. உள்ளே கண்காணிப்பு ஆட்களைத் தவிர யாரும் இல்லை என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர், தன் ஆள் பஸ் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, ஜனங்களைத் தங்கவைத்திருந்த கூடாரம் கூடாரமாகப் போய்த் தேடியிருக்கிறார். அதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

தொட்டி காய்ந்து கிடந்தது. ஆடுகள் சில செத்துக் கிடந்தன. பேனல் நிழலில், மூடிக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டோடும் சட்டையோடும் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மூச்சு இருந்தது. உதட்டைத் தண்ணீரால் நனைத்தபோது கண்ணைத் திறந்தான், என்னைத் தெரியவில்லை.

யான்பு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பேசினான்.

"அண்ணே, நான் குதிச்சது வந்துச்சா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சந்தர்ப்பத்திலும் எனக்கு ஒரு பதில் இருக்கும், அதற்குப் பேர்போனவன்.

"இல்லப்பா" என்றேன். "மெஷின் ரிப்பேர்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அதாம் பாத்தேன். வந்திருந்தா நீங்க அன்னைக்கே வந்திருப்பீகளே."

தண்ணீர் இல்லாத உடம்போடு அந்த வெயிலில் அப்படிக் குதித்ததுதான் கிட்னியைக் கெடுத்தது என்று வார்டு நர்ஸ் சொன்னார். சும்மா நிழலில் படுத்துக் கிடந்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காதாம். நான் வெளியே போய் நின்றேன்.

மலை வெடிக்கவில்லை. நடுக்கம் மெள்ளக் குறைந்தது, ஆழத்துக்குப் போனது, கிணறு ஆறியது. சில மாதங்களில் ஜனங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அத்தனை ஆயிரம் பேரை நேரத்தில் வெளியேற்றியதில் ஒரு உயிரும் போகவில்லை என்று எல்லோரும் பாராட்டிக்கொண்டார்கள். அது உண்மைதான். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு அதிர்வுக்கும் காரணம் எழுத வேண்டும்: நிலநடுக்கம், காற்று, வண்டி, கால்நடை. அந்த ஆறாம் நாள் காலைக்கு சேட்டன் 'சத்தம்' என்று எழுதியிருந்தார். டாக்டர் அதை அடித்துவிட்டு 'மனிதன்' என்று எழுதினார். என்னிடம் அதற்குப் பிறகு அவர் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

லீவு கிடைத்தது. கஃபீலே டிக்கெட்டோடு வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜித்தா ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் மடியில் அந்த ஹெல்மெட். நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜுபைலுக்குத் திரும்பினேன். பிரஷர் குக்கர் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியங்களில் கேம்ப்பில் கதை கேட்பார்கள். ஆட்டுக்காரனுக்கு ஹெல்மெட் மாட்டி வேலை கொடுத்தது, டாக்டரை ஏமாற்றியது, குட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாவது குதி குதித்தது வரைக்கும் சொல்வேன். எல்லோரும் தட்டைத் தட்டிச் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அவன் ஊரில் வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய மதுரை போனான். பஸ்ஸில் ஜன்னலோரம் பொண்டாட்டி, பக்கத்தில் இவன். "இப்பத்தாண்ணே அவ மொகத்த நல்லாப் பாக்குறேன். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஒரே சண்டை" என்று போனில் சிரிப்பான். இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் அவன் நம்பரிலிருந்து அவன் மனைவி பேசினாள். அழுது முடித்துவிட்டு, "மிஷினு மட்டும் ரிப்பேர் ஆகாம இருந்திருந்தா எங்க அண்ணே பறந்து வந்திருப்பாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றாள். நான் ஆமாம்மா என்றேன்.

போன் பண்ணும்போதெல்லாம் அவன் மறக்காமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. வைப்பதற்கு முன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு, நிலையத்து ஆள் மாதிரியே கேட்பான்.

"அண்ணே, அந்த மெஷின சரி பண்ணிட்டாகளா?"

"பண்ணிட்டாங்கப்பா."

"இனிமே யாராச்சும் குதிச்சா தெரியுமுல்ல?"

"தெரியும்."

"அப்பச் சரிண்ணே" என்பான்.